ஆஸ்பத்திரி பில் கலெக்‌ஷனுக்குப் போய் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறிவிட்டால்

கேள்வி சுருக்கமாக இது: டெக்சாஸ், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் பையன் ஊஞ்சலில் இருந்து விழுந்து கை முறிந்து எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்கும் மனைவிக்கும் தனித்தனியாக ஆபீஸ் இன்சூரன்ஸ் உண்டு, பையன் இரண்டிலும் இருக்கிறான். அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டோம். இப்போது வீட்டு லோனுக்குப் போனால் எக்ஸ்பீரியன் (நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் கிரெடிட் பீரோ) ரிப்போர்ட்டில் 1,180 டாலருக்கு, வசூல் ஏஜென்சியிடம் போன ஆஸ்பத்திரி பாக்கியாக, மெடிக்கல் கலெக்‌ஷன் ஒன்று இருப்பதாக லோன் ஆபீசர் சொல்கிறார். என் போன் ஆப்பில் கிரெடிட் ஸ்கோர் 790 காட்டுகிறது, அவரிடம் அதைவிடக் குறைவு. மச்சான் ‘உடனே கட்டித் தொலை’ என்கிறார். ஆபீஸ் நண்பர் ‘ஒரு சென்ட் கட்டாதே, ஹிப்பா (மருத்துவ ரகசியச் சட்டம்) லெட்டர் அனுப்பு’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கட்டுவதா வேண்டாமா என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. கிரெடிட் கார்டு பாக்கி, கார் லோன் என்றால் நாம் வாங்கிய கடன் எவ்வளவு என்று நமக்கே தெரியும். ஆஸ்பத்திரி பில் அப்படி இல்லை. ஆஸ்பத்திரி ஒரு தொகை போடும், இன்சூரன்ஸ் அதில் பாதியை வெட்டும், மீதியில் கொஞ்சம் அவர்கள் கட்டுவார்கள், கொஞ்சம் நம் தலையில் விழும். நடுவில் ஒரு காகிதம் தவறினால் முழுத்தொகையும் நம் பெயரில் வந்து நிற்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, இந்த 1,180 டாலர் உண்மையிலேயே நீங்கள் கொடுக்க வேண்டியதுதானா என்பது.

இதை நான் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். அமெரிக்கா வருவதற்கு முன் சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் ஏஆர் காலராக இருந்தேன். பெருங்குடி, வேளச்சேரிப் பக்கம் நைட் ஷிஃப்ட் கேப்களில் போய் வந்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்காக இங்கே உள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ‘ஏன் இந்த கிளெய்மை டினை செய்தீர்கள்’, அதாவது இந்தப் பில்லுக்கு ஏன் பணம் தர மறுத்தீர்கள் என்று இரவெல்லாம் கேட்பதுதான் வேலை. உங்கள் பையன் கையின் எக்ஸ்ரே பில்லைத் துரத்தியதும் அப்படி யாரோ ஒரு தம்பியாக இருக்கலாம்.

அந்த அனுபவத்தில் உங்கள் கேள்வியைப் படித்ததும் கண்ணில் பட்டது பணம் இல்லை, ‘இரண்டு இன்சூரன்ஸ்’ என்ற சொல். அப்பா அம்மா இருவரின் பிளானிலும் குழந்தை இருந்தால், எது முதல் இன்சூரன்ஸ், எது இரண்டாவது என்று தீர்மானிக்க வேண்டும். இதற்குப் பெயர் கோஆர்டினேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ். பில்லிங்கில் சிஓபி என்போம். வழக்கமான விதி வேடிக்கையானது: வருடத்தில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடைய பிளான்தான் முதல். வயது கணக்கில்லை, மாதமும் தேதியும்தான். உங்கள் மனைவி மார்ச், நீங்கள் ஆகஸ்ட் என்றால் மனைவியின் பிளான் முதலில் கட்டும். இதை உறுதிப்படுத்த இன்சூரன்ஸ் ஒரு கடிதம் அனுப்பும்: ‘உங்கள் குழந்தைக்கு வேறு காப்பீடு உண்டா?’ அதற்குப் பதில் போகாவிட்டால் கிளெய்மை அப்படியே நிறுத்திவிடுவார்கள் அல்லது டினை செய்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி அந்தப் பில்லை உங்களுக்குத் திருப்பும். நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், பில் பழைய அபார்ட்மென்ட் தபால்பெட்டியில் கிடந்து போய்விட்டது. அப்புறம் கலெக்‌ஷன். இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இரட்டை வருமானக் குடும்பங்களில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

என் வீட்டிலேயே நடந்தது. மற்றவர்களின் டினையலை வருடக்கணக்கில் துரத்தியவள், 2019இல் என் மகளுக்கு வந்த சிஓபி கடிதத்தைக் கூப்பன் தாள்களோடு சேர்த்து ரீசைக்கிள் டப்பாவில் போட்டேன். ஸ்கேன் படித்த ரேடியாலஜிஸ்ட் குழுவின் 640 டாலர் கலெக்‌ஷனுக்குப் போனது. இன்சூரன்ஸுக்கு ஒரு போன், பத்து நிமிடம். கிளெய்மை மறுபடி எடுத்து, அவர்கள் பங்கைக் கட்டினார்கள். ரிப்போர்ட்டில் இருந்து அதை நீக்கத்தான் இரண்டு கடிதமும் இரண்டு மாதமும் ஆயின.

சரி, உங்கள் வேலையை எங்கே தொடங்குவது? இன்சூரன்ஸில். உங்கள் பிளான், மனைவியின் பிளான் இரண்டின் வெப்சைட்டிலும் நுழைந்து, பையன் எமர்ஜென்சிக்குப் போன தேதிக்கான இஓபி எல்லாவற்றையும் இறக்குங்கள். இஓபி என்பது பில் இல்லை. எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு ஒத்துக்கொண்டோம், எவ்வளவு கட்டினோம், நோயாளி பொறுப்பு எவ்வளவு என்று இன்சூரன்ஸ் எழுதும் கணக்கு. கடைசியில் இருக்கும் ‘பேஷன்ட் ரெஸ்பான்சிபிலிட்டி’ வரிதான் உங்களுக்கு முக்கியம். அங்கே 1,180 என்று இருந்து, பக்கத்தில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நாம் கட்டவேண்டிய தொகை) என்று எழுதியிருந்தால் அது உங்கள் பணம்தான், தகராறு வேண்டாம். அங்கே 150 என்று இருந்து கலெக்‌ஷன்காரர் 1,180 கேட்டால் தவறு அவர்கள் பக்கம். அந்தத் தேதிக்கு இஓபியே இல்லையென்றால் கிளெய்ம் இன்சூரன்ஸுக்குப் போகவே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் நெட்வொர்க்கில் உள்ள, அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆஸ்பத்திரி, கிளெய்ம் அனுப்ப வேண்டிய காலக்கெடுவைத் தவறவிட்டுவிட்டு அதை நோயாளியிடம் வசூலிக்க அவர்களுடைய ஒப்பந்தமே பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. டினையல் இருந்தால் காரணத்தைப் படியுங்கள். சிஓபி என்றால் அன்றே போனில் தகவலைக் கொடுத்து, கிளெய்மை மறுபடி பிராசஸ் செய்யச் சொல்லி, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். இரண்டு வருடம் ஆனது பாதகம்தான். வழக்கமான அப்பீலுக்கு டினையல் கிடைத்ததில் இருந்து 180 நாள்தான் அவகாசம். ஆனாலும் கேளுங்கள். சிஓபி விஷயத்தில் பல கம்பெனிகள் பழைய கிளெய்மையும் எடுத்துப் பார்க்கின்றன.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒன்றாகத் தனி எமர்ஜென்சி ரூம்கள் இருக்கின்றன. வெளியில் பார்த்தால் அர்ஜென்ட் கேர் (சின்ன அவசரங்களுக்கான கிளினிக்) போலவே இருக்கும். உள்ளே இருக்கும் டாக்டர் குழு உங்கள் நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கலாம். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, எமர்ஜென்சி சிகிச்சையில் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவர்களும் நெட்வொர்க் கணக்குப்படியான உங்கள் பங்கைத்தான் கேட்க முடியும். மீதியை அவர்களும் இன்சூரன்ஸும் அடித்துக்கொள்ள வேண்டியது. தனி எமர்ஜென்சி ரூம்களும் இதில் அடக்கம். தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அடக்கம் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் எரிச்சல்தான்.

அடுத்து, கலெக்‌ஷன் ஏஜென்சி. கிரெடிட் ரிப்போர்ட்டில் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்காது. நோய் விவரம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டமே மறைக்கச் சொல்கிறது. ஏஜென்சி பெயர் மட்டும் இருக்கும். அதனால் எந்தப் பில் என்று அவர்களிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஏஜென்சி முதல் தொடர்பிலோ அல்லது அதற்கடுத்த 5 நாட்களுக்குள்ளோ கடன் விவரங்களைத் தந்தாக வேண்டும். அந்த நோட்டீஸ் வந்ததில் இருந்து 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்த வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். நோட்டீஸ் உங்கள் பழைய முகவரிக்குப் போயிருந்தால் 30 நாள் தாண்டியிருக்கும். அப்போது நிறுத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இருந்தாலும் எழுதுங்கள். கடிதம் இவ்வளவுதான்: இந்தக் கணக்கை ஆட்சேபிக்கிறேன், எந்த ஆஸ்பத்திரி அல்லது டாக்டர், எந்தத் தேதி, என்னென்ன சிகிச்சைக்கு எவ்வளவு, இன்சூரன்ஸ் கட்டியது எவ்வளவு என்ற விவரம் அனுப்பவும். ‘நான் கட்டிவிடுகிறேன்’ என்றோ ‘என் கடன்தான்’ என்றோ ஒரு வார்த்தை வேண்டாம். சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரிசீட்டோடு.

நண்பர் சொன்ன ஹிப்பா லெட்டர் பற்றி ஒரு வார்த்தை. ‘என் மருத்துவ விவரத்தை ஏஜென்சிக்குக் கொடுத்தது ஹிப்பா மீறல், ஆகவே அழி’ என்று மிரட்டும் கடிதம் இணையத்தில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. பணம் வசூலிக்கத் தேவையான அளவு விவரத்தைக் கொடுக்க ஹிப்பாவே அனுமதிக்கிறது. அந்தக் கடிதத்துக்குப் பயந்து யாராவது அழித்தார்கள் என்றால் அது அவர்கள் சோம்பேறித்தனம், சட்டம் இல்லை. அதே நண்பர் ‘சட்டம் வந்துவிட்டது, எல்லா மெடிக்கல் கடனும் ரிப்போர்ட்டில் இருந்து போய்விடும்’ என்றும் சொல்லியிருக்கலாம். 2025 ஜனவரியில் சிஎஃப்பிபி (நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான ஃபெடரல் அமைப்பு) அப்படி ஒரு விதியை இறுதி செய்தது உண்மை. அதே வருடம் ஜூலையில் டெக்சாஸ் கிழக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றம், அதாவது உங்கள் ஊர் அடங்கிய மாவட்டத்தின் நீதிமன்றமே, அதை ரத்து செய்துவிட்டது. நியூயார்க், கலிஃபோர்னியா, கொலராடோ, நான் இருக்கும் நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் மெடிக்கல் கடனை ரிப்போர்ட்டில் போடுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. டெக்சாஸில் அப்படிப் பொதுவான தடை இல்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது வேறு ஒன்று. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் பீரோக்கள் மூன்றும் 2022லும் 2023லும் தாங்களாகவே சில மாற்றங்களைக் கொண்டுவந்தன. அவை நீதிமன்றத் தீர்ப்பால் போகவில்லை. கட்டி முடித்த மெடிக்கல் கலெக்‌ஷன் ரிப்போர்ட்டில் இருக்கக்கூடாது. கட்டாததும் ஒரு வருடம் கழித்துத்தான் ஏறலாம். முன்பு அது ஆறு மாதம். முதலில் பதிவான தொகை 500 டாலருக்குக் கீழ் இருந்தால் ஏறவே கூடாது. இங்கே ‘முதலில் பதிவான’ என்பதைக் கவனியுங்கள். 1,180இல் 700 கட்டி 480 ஆக்கினால் தப்பிவிடலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டு என்னிடம் வந்தார். நடக்காது. பகுதி கட்டுவதில் இந்த விஷயத்தில் லாபமே இல்லை.

ஆகவே மச்சான் சொன்னதில் இருக்கும் உண்மை இது: மற்றக் கடன்களில் கட்டினாலும் ‘கட்டப்பட்ட கலெக்‌ஷன்’ என்று ஏழு வருடம் கறை நிற்கலாம், மெடிக்கலில் முழுதும் கட்டினால் ரிப்போர்ட்டில் இருந்து பதிவே போய்விடும். ஆனால் கொடுக்க வேண்டாத பணத்தைக் கட்டிவிட்டு அதை ஏஜென்சியிடம் திரும்ப வாங்கிப் பாருங்கள், தெரியும்.

அந்தப் பதிவு ரிப்போர்ட்டில் மெடிக்கல் என்றுதான் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சலுகை எல்லாம் அந்த ஒரு குறியீட்டைப் பொறுத்தது. ஏஜென்சி அதைச் சாதாரணக் கலெக்‌ஷனாகப் போட்டிருந்தால் எதுவும் பொருந்தாது. அதையே ஒரு ஆட்சேபமாக எழுதலாம். இதே காரணத்துக்காகத்தான் ஆஸ்பத்திரி பில்லைக் கிரெடிட் கார்டில் கட்டாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கார்டில் ஏறிய நிமிடமே அது மெடிக்கல் கடன் இல்லை, வெறும் கார்டு பாக்கி. வட்டியும் உண்டு. டென்டிஸ்ட் கவுன்டரில் நீட்டும் ‘ஆறு மாதம் வட்டியில்லை’ ஹெல்த் கார்டும் அப்படித்தான்; பலவற்றில் ஆறாவது மாதம் பத்து டாலர் மிச்சமிருந்தாலும் முதல் நாளில் இருந்து வட்டி போடுவார்கள்.

இப்போது ஆப்பில் 790, லோன் ஆபீசரிடம் குறைவு என்ற குழப்பம். ஸ்கோர் கணக்கிடும் முறைகள் பல. இலவச ஆப்களில் பலவும் காட்டுவது வான்டேஜ் ஸ்கோர். அது 2023இல் இருந்து மெடிக்கல் கலெக்‌ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தவிர, சில ஆப்கள் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டை மட்டும் காட்டும். உங்கள் கலெக்‌ஷன் எக்ஸ்பீரியனில் இருக்கிறது. வீட்டு லோனுக்கு வழக்கமாகப் பார்ப்பது ஃபைகோ என்ற இன்னொரு முறையின் பழைய பதிப்பு ஸ்கோர்கள். அவற்றுக்கு மெடிக்கலும் ஒன்றுதான், ஜிம் பாக்கியும் ஒன்றுதான். ஆனால் மூன்று ஸ்கோரில் நடுவில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். எக்ஸ்பீரியன் 690, மற்றவை 775, 782 என்றால் உங்கள் எண் 775. ஆகவே முதலில் லோன் ஆபீசரிடம் மூன்று எண்களையும் கேளுங்கள், இந்தப் பதிவால் வட்டி மாறுகிறதா என்று நேராகக் கேளுங்கள். மாறவில்லை என்றால் உங்களுக்கு அவசரமே இல்லை, நிதானமாகப் போராடலாம். அவசரம் இல்லாதவனிடம் ஏஜென்சிக்குப் பிடிமானம் குறைவு. எஃப்எச்ஏ லோன், அதாவது ஃபெடரல் அரசின் உத்தரவாதம் உள்ள வீட்டு லோன் என்றால் கடன் தாங்கும் திறனைக் கணக்கிடும்போது மெடிக்கல் கலெக்‌ஷனை விட்டுவிடுவார்கள்.

இஓபி கையில் இருந்து, தவறு அவர்களுடையது என்று தெரிந்தால், எக்ஸ்பீரியனில் ஆட்சேபம் போடுங்கள். பட்டனைத் தட்டி ‘என்னுடையது அல்ல’ என்று தேர்ந்தெடுக்காதீர்கள். அது பொய், அதைச் சரிபார்ப்பதும் சுலபம். ஏஜென்சி ‘பெயர், முகவரி பொருந்துகிறது’ என்று இரண்டு நாளில் பதில் அனுப்பிவிடும். தொகை தவறு, காரணம் இது, ஆதாரம் இணைப்பு என்று எழுதுங்கள். 30 நாளில் விசாரித்துச் சொல்ல வேண்டும். சில சமயம் 45 ஆகலாம். அதே காகிதங்களை ஏஜென்சிக்கும் ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீசுக்கும் அனுப்புங்கள். ஆஸ்பத்திரிதான் உண்மையான சாவி. கணக்கை விற்காமல் வசூலிக்க மட்டும் கொடுத்திருந்தால், அவர்கள் அதை ரீகால் செய்யலாம், அதாவது ஏஜென்சியிடம் இருந்து திரும்ப எடுக்கலாம். போனில் முதலில் எடுப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. ‘சூப்பர்வைசரோடு பேச வேண்டும், இந்தக் கணக்கு இன்சூரன்ஸில் மறுபடி பிராசஸ் ஆகிறது, ரீகால் செய்யுங்கள்’ என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வாடிக்கையாளர் அந்தச் சொல்லைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன்.

யாரும் அசையவில்லை என்றால் சிஎஃப்பிபி வெப்சைட்டில் புகார், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலிடம் புகார். ‘ஸ்கோரைத் தூக்கி நிறுத்துகிறோம்’ என்று முன்பணம் கேட்கும் கிரெடிட் ரிப்பேர் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். வேலை முடியும் முன் அவர்கள் பணம் வாங்குவதே சட்டவிரோதம்.

பணம் உங்களுடையதுதான் என்று தெரிந்தால்? லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரியா என்று பாருங்கள். அவர்களுக்கு எழுத்தில் நிதியுதவிக் கொள்கை இருந்தாக வேண்டும். முதல் பில்லில் இருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அந்த பில்லில் இருந்து 120 நாள் கழியும் முன் கிரெடிட் பீரோவுக்கு அனுப்பவே கூடாது. இரண்டு சம்பளம் இருக்கும் வீட்டுக்கு உதவி கிடைப்பது கடினம், உங்களுக்குக் காலமும் கடந்திருக்கும். ஆனால் லே-ஆஃப் ஆகி நிற்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமலே கட்டுபவர்கள் நம்மவர்களில் அதிகம். உங்கள் விஷயத்தில் பேரம் பேசுங்கள். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால், பணம் வந்ததும் பாக்கி பூஜ்யம் என்று காட்டி மூன்று பீரோவுக்கும் தெரிவிப்போம் என்ற கடிதம் முதலில், பணம் பிறகு. வங்கிக் கணக்கைத் தொட அனுமதி கொடுக்காதீர்கள், கேஷியர்ஸ் செக் அனுப்புங்கள். கட்டியபின் லோன் ஆபீசரிடம் ரேபிட் ரீஸ்கோர் கேளுங்கள். கடன் கொடுப்பவர் மூலமாகத்தான் அது நடக்கும். மாதக்கணக்கில் காத்திருக்காமல் சில நாட்களில் புது எண் வந்துவிடும்.

கட்டாமலே விட்டால் ஏழு வருடத்தில் தானாக ரிப்போர்ட்டில் இருந்து விழும். வழக்குப் போடும் காலம் வேறு. டெக்சாஸில் நான்கு வருடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜஸ்டிஸ் கோர்ட்டில் இருந்து சம்மன் வந்தால், தொகை எவ்வளவு அற்பமாக இருந்தாலும், 14 நாளுக்குள் பதில் போடுங்கள். பதில் இல்லாவிட்டால் விசாரணையே இல்லாமல் தோற்றுவிடுவீர்கள்.

ஊரில் இருந்து வந்த அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரி பில் நம் ரிப்போர்ட்டில் ஏறுமா என்று இதையொட்டி அடிக்கடி கேட்கிறார்கள். மகன் என்பதாலேயே ஏறாது. அட்மிஷன் கவுன்டரில் கொடுத்த தாளில் ‘கேரன்டார்’ (பில்லுக்குப் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் கடன். பதற்றத்தில் பலரும் அந்த இடத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கடைசியில் ரிப்போர்ட் சுத்தமானதும் அந்தப் பூஜ்யம் பாக்கிக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கணக்குகள் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. மூன்று வருடம் கழித்து வேறொரு ஏஜென்சி அதே 1,180ஐத் தூக்கிக்கொண்டு வரும்.

இன்று மாலையே இரண்டு இன்சூரன்ஸுக்கும் போன் போட்டு, பையனுக்கு எது முதல் பிளான் என்று அவர்கள் சிஸ்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ‘நாங்கள் இல்லை, அவர்கள்தான்’ என்றால் சிக்கல் அகப்பட்டுவிட்டது. இஓபியின் கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.